இனிப்புக்கு வரி போட்டால் மாறுவது யார்?

2018 ஜனவரியில் ஸ்காட்லாந்துக் கடைகளில் ஒரு குளிர்பானத்துக்கு அடிதடி. அயர்ன்-ப்ரூ என்ற அந்த ஆரஞ்சு நிறப் பானத்தை அங்கே விஸ்கிக்கு அடுத்த தேசிய பானம் என்பார்கள். அதன் செய்முறையை மாற்றப்போவதாகத் தயாரிப்பாளரான ஏ.ஜி. பார் நிறுவனம் அறிவித்ததும், பழைய சரக்கை மக்கள் பெட்டி பெட்டியாக வாங்கி வீட்டில் அடுக்கினார்கள். செய்முறையை மாற்ற வேண்டாம் என்று கையெழுத்து இயக்கம்கூட நடந்தது. நிறுவனம் மசியவில்லை. 100 மில்லிக்கு 10.3 கிராமாக இருந்த சர்க்கரை 4.7 கிராமாக இறங்கியது.

அந்த 4.7 தற்செயலாக வந்த எண் இல்லை. ஏப்ரல் 6 முதல் பிரிட்டனில் புதிய வரி அமலுக்கு வரவிருந்தது. 100 மில்லியில் 5 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் வரி கிடையாது. 5 முதல் 8 கிராம் வரை லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமும் அதற்கு மேலும் என்றால் 24 பென்ஸ். நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2016 மார்ச்சிலேயே இதை அறிவித்து, இரண்டு ஆண்டு அவகாசமும் கொடுத்திருந்தார். அந்த அவகாசத்தில்தான் வரியின் பெரும்பகுதி வேலை நடந்து முடிந்தது. ரிபீனா, லூகோசேட் என்று மற்ற பானங்களும் ஒவ்வொன்றாக 5 கிராம் கோட்டுக்குக் கீழே இறங்கின. ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகும்போது லூகோசேடைக் கையில் எடுத்துப் பழகிய நீரிழிவு நோயாளிகளுக்கு, இனி அதே அளவு போதாது என்று தனியாக எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. கோகோ-கோலாவோ தன் மூலப் பானத்தில் கை வைக்காமல் வரியைக் கட்டத் தயாரானது.

அரசு முதல் ஆண்டில் எதிர்பார்த்தது 52 கோடி பவுண்ட். வந்தது அதில் பாதிக்கும் குறைவு. வரி வசூல் குறைந்தால் நிதித் துறை முகம் சுளிப்பது வழக்கம். இங்கே வசூல் குறைந்ததுதான் வெற்றியின் அடையாளம். 2015க்கும் 2020க்கும் இடையே, வரிக்குட்பட்ட பானங்களில் சராசரிச் சர்க்கரை அளவு ஏறக்குறைய 46 சதவீதம் குறைந்தது. பானம் குடிப்பதை மக்கள் விட்டுவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. விற்ற மொத்த லிட்டர் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தது.

சர்க்கரை வரி பற்றிய வாதங்களில் பெரும்பாலானவை, விலையைப் பார்த்துக் கையைப் பின்னுக்கு இழுக்கும் வாடிக்கையாளரை மனதில் வைத்தே நடக்கின்றன. பிரிட்டனின் அனுபவம் வேறு ஒருவரைக் காட்டுகிறது. மாறியது ஆலையில் சர்க்கரைக் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றவர். இதை உறுதிப்படுத்த அங்கேயே இன்னொரு சோதனை தானாக அமைந்தது. அதே காலத்தில் கேக், பிஸ்கட், சாக்லேட் தயாரிப்பாளர்களிடம் அரசு வரி போடாமல் வேண்டுகோள் மட்டும் வைத்தது: 2020க்குள் சர்க்கரையை 20 சதவீதம் குறையுங்கள். குறைந்தது 3.5 சதவீதம்.

மெக்சிகோவின் கதை இதைவிடப் பழையது, கரடுமுரடானது. ஆண்டுக்கு ஆள் ஒன்றுக்கு 163 லிட்டர் குளிர்பானம் குடிக்கும் நாடு என்று உலகம் முழுக்கப் பேசப்பட்ட நாடு அது. கோகோ-கோலாவின் மெக்சிகோ கிளைக்குத் தலைமை வகித்த விசென்டே ஃபாக்ஸ் 2000இல் நாட்டின் அதிபரே ஆனார். தெற்கே சியாபாஸ் மாநிலத்தின் சான் ஹுவான் சாமுலா தேவாலயத்தில், மாயன் மரபில் வந்த சோட்சில் மக்கள் மெழுகுவத்தி ஏற்றி, கோலா பாட்டிலை வைத்து வழிபடுகிறார்கள். பக்கத்து ஊரான சான் கிறிஸ்டோபலில் பாட்டில் ஆலை நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் நிலத்தடி நீரை எடுக்க அனுமதி வாங்கியிருக்க, ஊர்க் குழாயில் தண்ணீர் வாரத்தில் சில நாள்தான் எட்டிப் பார்த்தது. தாகத்துக்குக் கோலா என்பது அங்கே நாக்கு ருசி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமாக இல்லை.

அந்த நாட்டில்தான் அலெஹாண்ட்ரோ கால்வியோ என்பவரின் நுகர்வோர் அமைப்பு, பன்னிரண்டு கரண்டிச் சர்க்கரையைப் பிள்ளைகளுக்குத் தருவீர்களா என்று கேட்டுச் சுவரொட்டி அடித்தது. அமெரிக்கச் செல்வந்தர் மைக்கேல் புளூம்பெர்கின் அறக்கட்டளை பண உதவி செய்தது. 2014 ஜனவரி 1 முதல் லிட்டருக்கு ஒரு பேசோ வரி வந்தது. விலையில் பத்து சதவீதம் அளவு. முதல் ஆண்டில் வரிக்குட்பட்ட பானங்களை வாங்குவது சராசரியாக 6 சதவீதம் குறைந்தது, டிசம்பரில் அது 12 சதவீதத்தைத் தொட்டது. ஏழைக் குடும்பங்களில் குறைவு அதைவிட அதிகம், டிசம்பரில் 17 சதவீதம். மெக்சிகோ தேசியப் பொதுச் சுகாதார நிறுவனத்தின் அரான்ட்சா கோல்செரோவும் சகாக்களும் 2016இல் இதை வெளியிட்டபோது உலகச் சுகாதார வட்டாரங்களில் கொண்டாட்டம்.

கொண்டாட்டத்தை நிறுத்திவிட்டு ஒரு கணக்குப் போடலாம். அந்த 6 சதவீதம் என்பது ஆளுக்கு நாளொன்றுக்கு 12 மில்லி. மருந்துக் குப்பியின் மூடி அளவு. கலோரியில் சொன்னால் ஐந்து அல்லது ஆறு. இதனால் யாருடைய இடுப்பும் சுருங்காது. வரியை எதிர்ப்பவர்கள் இந்த இடத்தில் சிரிப்பது நியாயமாகத்தான் படும். ஆனால் சராசரி ஏமாற்றக்கூடியது. கோலாவே தொடாதவரும், தினம் ஒன்றரை லிட்டர் குடிப்பவரும் அதே சராசரிக்குள் அடங்குகிறார்கள். நிறையக் குடித்தவர் ஒரு பாட்டிலைக் குறைத்திருந்தால் அது அவருடைய உடலுக்குப் பெரிய விஷயம். நாட்டுச் சராசரியில் அது மூடி அளவாகவே தெரியும். இரண்டாம் ஆண்டில் குறைவு ஏறக்குறைய பத்து சதவீதமாக வளர்ந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. பழகிப்போய் மக்கள் பழைய அளவுக்குத் திரும்பிவிடுவார்கள் என்ற ஆரூடம் பலிக்கவில்லை.

வாங்குவது குறைந்தது, சர்க்கரை குறைந்தது என்பதெல்லாம் கடை பில்லில் தெரியும் சங்கதி. உடம்பில் என்ன தெரிந்தது? கேள்வியின் கடினமான பாதி இதுதான்.

பற்களில் தெரிந்தது. சொத்தைப் பல் பிடுங்க மருத்துவமனையில் சேர்க்கப்படும் 18 வயது வரையிலான பிள்ளைகளின் எண்ணிக்கை, வரி வராமல் இருந்திருந்தால் எதிர்பார்த்திருக்கக்கூடிய அளவைவிட இங்கிலாந்தில் 12 சதவீதம் குறைந்தது. எடையில் தெரிந்தது பாதிப் பேரிடம் மட்டும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, 10-11 வயதுச் சிறுமிகளிடையே உடல்பருமன் 8 சதவீதம் குறைந்திருந்தது. ஆண்டுக்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சிறுமிகள் தப்பியிருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். வறுமை மிகுந்த பகுதிகளில் பலன் கூடுதல். அதே வகுப்புச் சிறுவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. நான்கைந்து வயதுக் குழந்தைகளிடமும் இல்லை. மெக்சிகோவிலும் பதின்வயதுப் பெண்களிடம்தான் குறைவு தென்பட்டது, பையன்களிடம் இல்லை. இரண்டு கண்டங்களில் ஒரே ஓட்டை. விளம்பரங்கள் பையன்களைக் குறிவைப்பது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இதற்கு மேல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நீரிழிவு, இதய நோய் பற்றிச் சொல்லப்படும் பெரிய எண்கள் எல்லாம் கணினி மாதிரிகள் தந்த ஊகங்கள். நோய் வரப் பதினைந்து, இருபது ஆண்டு ஆகும். பெரும்பாலான நாடுகளில் வரிக்கு வயது பத்துகூட ஆகவில்லை. ஆனால் நெடுங்காலத்தைக் காட்டும் ஒரு ஜன்னல் வேறு இடத்தில் திறந்தது. மெக்சிகோச் சிறுமிகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் தடேயா கிராக்னர், பால் கெர்ட்லர் முதலானோருடன் சேர்ந்து பழைய பிரிட்டனைத் தோண்டினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே சர்க்கரைக்குப் பங்கீடு இருந்தது. 1953 செப்டம்பரில் அது நீங்கியதும், ஒருவர் தினம் உண்ணும் சர்க்கரை ஏறக்குறைய 40 கிராமிலிருந்து 80 கிராமாக எகிறியது. பங்கீடு முடிவதற்குச் சற்று முன்பு பிறந்தவர்களையும் பின்பு பிறந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். கருவிலும் முதல் இரண்டு வயதிலும் குறைந்த சர்க்கரையோடு வளர்ந்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 35 சதவீதமும் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு 20 சதவீதமும் குறைவு. 2024இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த இந்த ஆய்வு வரியைப் பற்றியது இல்லை. சர்க்கரை குறைந்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்பதற்கு, ஏறக்குறைய எழுபது ஆண்டு கழித்துக் கிடைத்த பதில் அது. வரியால் சர்க்கரை குறையும் என்பதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. சர்க்கரை குறைந்தால் நோய் குறையும் என்பதற்கும் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஊரில், ஒரே மக்களிடம் அளந்து காட்டிய ஆய்வுதான் இன்னும் மெல்லியது.

எல்லா இடத்திலும் வரி நிலைக்கவில்லை. டென்மார்க் 2011 அக்டோபரில் உணவிலுள்ள பூரிதக் கொழுப்புக்கு உலகிலேயே முதன்முறையாக வரி போட்டது. மக்கள் காரை எடுத்துக்கொண்டு ஜெர்மனி எல்லையைத் தாண்டி வெண்ணெய் வாங்கி வந்தார்கள். பதினைந்து மாதத்தில் வரி காலாவதி. பல பத்தாண்டுகளாக இருந்த குளிர்பான வரியையும் அந்நாடு 2014இல் எடுத்துவிட்டது. சிகாகோ நகரம் அடங்கிய குக் கவுண்டியில் 2017 ஆகஸ்டில் வந்த வரி, டிசம்பர் முதல் தேதியில் மூட்டை கட்டப்பட்டது. உள்ளூர் அரசு அதை ஆரோக்கியத்துக்கு என்று சொன்னாலும், பட்ஜெட் பள்ளத்தை நிரப்பத்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிலடெல்பியா அந்தப் பாசாங்கையே செய்யவில்லை. மேயர் ஜிம் கென்னி, மழலையர் பள்ளிகளுக்குப் பணம் வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டு 2017இல் வரியைக் கொண்டுவந்தார். நகரக் கடைகளில் விற்பனை பாதியாகச் சரிந்தது. அதில் ஒரு பகுதி நகர எல்லைக்கு வெளியே உள்ள கடைகளுக்கு ஓடியது. ஓடியதைக் கழித்தாலும் நிகரக் குறைவு 38 சதவீதம் நின்றது. எல்லை தாண்டல் என்பது உண்மையான ஓட்டை. அது குடத்தையே காலி செய்யும் ஓட்டை இல்லை என்று இந்த எண் காட்டுகிறது. நகரம் தனியாகப் போடுவதைவிட நாடு முழுக்கப் போடுவதில் சிக்கல் குறைவு என்பதும் புரிகிறது.

ஏழைகள் தலையில்தான் சுமை விழுகிறது என்ற வாதம் இன்னும் கனமானது. வருமானத்தில் பங்காகப் பார்த்தால் அது சரிதான். பதிலாகச் சொல்லப்படுவது: நீரிழிவும் ஏழைகளைத்தான் அதிகம் தாக்குகிறது, வரியால் குறைத்துக்கொள்பவர்களும் அவர்களே, ஆகவே பலனும் அவர்களுக்கே. இந்தப் பதிலில் ஒரு நெருடல் இருக்கிறது. குழாயில் நல்ல தண்ணீர் வராத சியாபாஸ் கிராமத்துக்காரரிடம் போய், உன் நன்மைக்காகத்தான் விலையை ஏற்றினோம் என்று சொல்ல முடியாது. மெக்சிகோவில் வரிப்பணத்தைக் கொண்டு பள்ளிகளில் குடிநீர் வசதி செய்வதாக வாக்குக் கொடுத்தார்கள். வரி உடனே வந்தது. தண்ணீர் மெதுவாகத்தான் வந்தது. வரிப்பணம் எங்கே போகிறது என்பதைச் சட்டத்திலேயே எழுதிவைக்காத இடங்களில் ஏழைகளைப் பற்றிய இந்த வாதத்துக்குச் சரியான மறுமொழி இல்லை.

நிறுவனங்கள் இந்த வரிக்கு எவ்வளவு அஞ்சின என்பதே அதன் வலிமைக்கு ஒரு சாட்சி. சர்க்கரையைக் காக்கும் வேலை வரிக்கு முன்பே தொடங்கியது: 1960களில் அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் அமைப்பு ஹார்வர்டு விஞ்ஞானிகளுக்குப் பணம் கொடுத்து, இதய நோய்க்கான பழியைக் கொழுப்பின் பக்கம் திருப்பும் கட்டுரையை 1967இல் எழுத வைத்தது. இது வெளியே வரவே 2016 ஆகிவிட்டது. மெக்சிகோவில் வரியை இரட்டிப்பாக்கக் குரல் எழுந்தபோது, கால்வியோ உட்பட மூன்று பேரின் கைபேசிகளுக்கு விசித்திரமான குறுஞ்செய்திகள் வந்தன. மகளுக்கு விபத்து, நண்பரின் தந்தை இறந்துவிட்டார் என்ற ரகத்தில். ஒவ்வொன்றிலும் ஓர் இணைப்பு. அவை பெகாசஸ் உளவு மென்பொருளின் தூண்டில்கள் என்று டொராண்டோவின் சிட்டிசன் லேப் 2017இல் கண்டுபிடித்தது. அந்த மென்பொருளை அரசுகளுக்கு மட்டுமே விற்பதாக அதன் தயாரிப்பாளர் சொல்கிறார். குளிர்பான வரிக்காகப் பேசியவர்களை ஓர் அரசு இயந்திரம் ஏன் வேவு பார்க்க வேண்டும்? பதில் இன்றுவரை இல்லை.

சர்க்கரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைப்பது என்ன என்ற கேள்வியும் நிற்கிறது. பிரிட்டனில் இறங்கிய சர்க்கரைக்கு ஈடாக ஏறியவை பெரும்பாலும் செயற்கை இனிப்பூட்டிகள். எடையைக் கட்டுப்படுத்த இவற்றை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. பற்களுக்கு இந்த மாற்று நிச்சயம் நல்லது. நாக்கு இனிப்புக்கு அடிமையாகவே இருப்பதுதான் மிச்சம்.

பானத்தைத் தாண்டி உணவுக்குள் வரி நுழையும்போது கைப்பிடி நழுவுகிறது. மெக்சிகோ, பானத்தோடு சேர்த்து, 100 கிராமுக்கு 275 கலோரியும் அதற்கு மேலும் உள்ள நொறுக்குத்தீனிகளுக்கு 8 சதவீதம் வரி போட்டது. முதல் ஆண்டில் விற்பனை 5 சதவீதம் குறைந்தது. வசதியானவர்கள் அசையவே இல்லை. ஹங்கேரி 2011 முதலும், கொலம்பியா 2023 நவம்பர் முதலும் இந்த வழியில் நடக்கின்றன. பானத்தில் சர்க்கரையைத் தவிர வேறு ஊட்டம் இல்லை என்பதால் கோடு கிழிப்பது சுலபம். பிஸ்கட்டில் மாவும் கொழுப்பும் உப்பும் கலந்திருக்கின்றன, கோட்டை எங்கே போடுவது?

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தியாவைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த 20 சதவீதத்தைவிட இரு மடங்கு வரியை இந்தியா 2017 ஜூலையிலிருந்தே வசூலிக்கிறது. 28 சதவீத ஜிஎஸ்டி, அதன் மேல் 12 சதவீத செஸ். 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு செஸ் போய், நேரடியாக 40 சதவீதம். சுகாதார வரி என்று தம்பட்டம் அடிக்கவில்லை, அது உண்மையில் சுகாதார வரியாக அமையவும் இல்லை. கிராமத்துப் பெட்டிக்கடையில் ‘கலர்’ என்று கேட்டு வாங்கும் அந்த பாட்டிலில் வரி தேடுவது குமிழியையும் இனிப்பையும். இனிப்பின் அளவை அது கேட்பதே இல்லை. சர்க்கரையே இல்லாத டயட் கோலாவுக்கும் 40, பாட்டிலுக்கு இருபது கிராம் சர்க்கரை உள்ள கோலாவுக்கும் 40. அயர்ன்-ப்ரூவை 4.7 கிராமுக்கு இறக்கிய அந்த உந்துதல் இங்கே எந்த ஆலைக்கும் கிடையாது.

விலையின் மேல் சதவீதமாக விழும் வரி விலையோடு சேர்ந்தே இறங்கும். 2023இல் ரிலையன்ஸ் நிறுவனம் கேம்பா கோலாவைத் தூசி தட்டி எடுத்து 200 மில்லியைப் பத்து ரூபாய்க்கு இறக்கியதும் போட்டியாளர்களும் விலையைக் குறைத்தார்கள். பத்து ரூபாய் பாட்டிலில் வரி ஏறக்குறைய 2 ரூபாய் 86 காசு. இலங்கை வேறு வழியில் போனது. 2016 ஆகஸ்டிலிருந்து குளிர்பானங்களில் சர்க்கரை அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் ஒட்டியது. 2017 நவம்பரில் ஒவ்வொரு கிராம் சர்க்கரைக்கும் 50 சதம் வரி விதித்தது. பிறகு எதிர்ப்பில் அதைக் குறைத்தது. குறைத்தாலும் அளவுகோல் கிராம்தான். தென்னாப்பிரிக்காவும் 2018 முதல் 100 மில்லிக்கு 4 கிராமுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிராமுக்கும் வரி வாங்குகிறது. அங்கே இந்தப் பானங்கள் வழியாக ஒருவர் தினம் வாங்கும் சர்க்கரை 16 கிராமிலிருந்து 11 கிராமுக்குக் கீழே வந்தது.

இந்தியர்களின் சர்க்கரை பெரும்பாலும் கோலாவில் வருவதும் இல்லை. தேநீரில், இனிப்பில், பிஸ்கட்டில் வருகிறது. கோலாவை 40இல் நிறுத்திய அதே 2025 செப்டம்பர் மாற்றம், பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் மூன்றையும் 18 சதவீதத்திலிருந்து 5க்கு இறக்கியது. பத்துக் கோடிக்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளிகள் இருப்பதாகச் சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர் ஆய்வு 2023இல் சொன்ன நாட்டில் இது நடந்தது. தமிழக ரேஷன் கடையில் சர்க்கரை இன்னும் கிலோ 25 ரூபாய். அரிசி வேண்டாம், சர்க்கரை போதும் என்பவர்களுக்கென்று சர்க்கரை அட்டையே உண்டு. ஒரு கையால் வரி, மறு கையால் மானியம்.

சர்க்கரை அளவைப் பொறுத்து வரியை அடுக்கடுக்காக்க வேண்டும் என்று குளிர்பான நிறுவனங்களின் சங்கமே இந்தியாவில் கேட்டு வருகிறது. குறைந்த சர்க்கரைப் பானத்துக்குக் குறைந்த வரி என்பது அவர்களுக்கு லாபம். அந்த அளவுகோலை நேர்மையாகப் பொருத்தினால் முதலில் மாட்டுவது கோலா இல்லை, மாம்பழ பானம். கோலாவுக்கு நிகராகவோ அதற்கு மேலோ சர்க்கரை உள்ள பல மாம்பழ பானங்கள், பழச்சாறு என்ற பெயரில் 5 சதவீதம் மட்டுமே கட்டுகின்றன. அந்தச் சலுகைக்குப் பின்னால் கிருஷ்ணகிரியிலும் சித்தூரிலும் பெங்களூரா மாம்பழத்தைக் கூழ் ஆலைகளுக்கு ஏற்றும் விவசாயிகள் இருக்கிறார்கள். 2025 கோடையில் அவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்கவில்லை. கிராம் கணக்கில் வரி வேண்டும் என்று ஜிஎஸ்டி கவுன்சிலில் யார் பேசினாலும், தமிழக, ஆந்திர அமைச்சர்கள் முதலில் எழுப்பப்போகும் கேள்வி அந்த மாம்பழத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்.